யெரெவானில் நான்கு நாள்: சர்யான் பார்த்த மத்தியானம்

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஆதங்கத்தைக் கொட்டிவிடுகிறேன். ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானுக்குப் போய், ஓவியர் மார்ட்டிரோஸ் சர்யான் வாழ்ந்த வீட்டுக்கே போய், மாடி மாடியாக ஏறி இறங்கியும், நான் எதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்பினேனோ அவருடைய அந்தப் பேரீச்சை மரப் படம் அங்கே இல்லை. அது மாஸ்கோவில், திரெத்யாகோவ் கேலரியில் இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) தெருவை அவர் வரைந்த படமும் அங்கேதான். யெரெவான் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மரத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊருக்கு சோவியத் புத்தக வேன் வந்தால் சம்பளத்தில் ஒரு பகுதி அதில் போய்விடும். அப்படி ஒரு தடவை கனத்த தாளில் அச்சடித்த பட அட்டைக் கட்டு ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒன்றுதான் 'பேரீச்சை மரம். எகிப்து', 1911. படம் முழுக்க ஒரே மரம். நடுவிலிருந்து மட்டைகள் வெடித்துக் கிளம்புகிற மாதிரி நாலா பக்கமும் பாய்ந்திருக்கும். கீழே மண் வீடுகள், ஓரத்தில் ஓர் ஒட்டகத் தலை. அவ்வளவுதான். எங்கள் ஊர் குதிரைமொழித் தேரிக்குப் பக்கம். செக்கச் சிவந்த மணல், பனை, மண்டையைப் பிளக்கும் வெயில். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் தேரி வெயிலை வரைந்து வைத்திருக்கிறார் என்றுதான் பத்து வயதில் நினைத்தேன். இப்போது நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அந்த அட்டை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

தம்பி சார்ஜாவில் வேலை பார்க்கிறான். அங்கே இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஆர்மீனியா என்றால் மூன்று மணி நேர விமானம், லீவுக்குப் போய்வர நல்ல இடம். "எக்கா, ஜூன் கடைசில போவோம், நீயும் வா" என்றான். சென்னையிலிருந்து சார்ஜா, அங்கிருந்து யெரெவான், போக வர எல்லாம் சேர்த்து எனக்கு 46,000 ரூபாய் ஆயிற்று. நான்கு மாதம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம். விசா ஆன்லைனிலேயே கிடைத்துவிடுகிறது, 21 நாளுக்கு 3,000 திராம். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய நாலரை திராம் என்று வைத்துக்கொண்டால் எழுநூறு ரூபாய்க்குள்தான். அதுவரைக்கும் எல்லாம் கணக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஸ்வார்த்நோத்ஸ் விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் கணக்கு கெட்டது. ராத்திரி ஒன்றரை மணி. தம்பியின் போனில் நெட் இல்லை. ஒருத்தர் வந்து பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்த முகம், வாய் நிறைய "ஜான், ஜான்" (அங்கே அது நம்ம 'கண்ணு' மாதிரி). நகரம் 12 கிலோமீட்டர்தான். இறங்கியதும் 12,000 திராம் என்றார். கிலோமீட்டருக்கு ஆயிரம்! மறுநாள் ஆப்பில் பார்த்தால் அதே தூரத்துக்கு 2,000 சுற்றி வருகிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளிடம், நோட்டைப் பார்த்துப் பழகாத ஆளிடம், இப்படிப் பறிப்பது எந்த ஊரிலும் அநியாயம்தான். சத்தம் போட்டேன். தமிழில்தான் போட்டேன். 10,000-க்கு இறங்கி வந்தார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, 2,200 ரூபாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. நீங்கள் போனால் விமான நிலைய வைஃபையிலேயே ஆப்பில் வண்டி போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

தங்கிய இடம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு 14,000 திராம், சுத்தம், வெந்நீர் வந்தது.

மறுநாள் காலை நேராக சர்யான் தெரு, 3-ஆம் எண். ஊர்க்காரர்களுக்கு இந்தத் தெரு என்றால் ஒயின் கடைகள்தான். சாயங்காலமானால் நடைபாதை முழுக்க மேசை போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குள் போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் போன அன்று எங்களைத் தவிர நாலே பேர். 1967-இல், சர்யான் உயிரோடு இருக்கும்போதே திறந்த அருங்காட்சியகம் இது. அவருக்கு அப்போது 87 வயது. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தன் படங்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு 1972 மே மாதம்தான் கண் மூடினார். வேலை செய்த அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் அட்டையைப் போனில் காட்டி, இது எங்கே என்று கேட்டேன். கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்த அம்மா, அறுபது வயசுக்கு மேல் இருக்கும், கையை விரித்து, "மஸ்க்வா" என்றார். மாஸ்கோ. தம்பி என் முகத்தைப் பார்த்தான். "எக்கா, இம்புட்டு துட்டு செலவழிச்சு வந்து..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. சர்யான் பிறந்தது ஆர்மீனியாவிலேயே இல்லை. 1880-இல் தோன் நதிக்கரையில் நோர் நகிச்சேவான் என்கிற ஆர்மீனியக் குடியேற்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. படித்தது மாஸ்கோ ஓவியப் பள்ளியில், செரோவிடமும் கரோவினிடமும். ஆர்மீனிய மண்ணை முதன்முதலாக மிதித்தது 1901-இல், 21 வயதில். சொந்த நாட்டுக்கே பயணியாக வந்த மனிதர்! அப்புறம் 1910-இல் கான்ஸ்டான்டிநோபிள், 1911-இல் எகிப்து, 1913-இல் பாரசீகம். அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்ததும் விற்றதும் மாஸ்கோவில்தான். அதனால் அங்கேயே தங்கிவிட்டன. நியாயம் தெரிகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஆனால் யெரெவானில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப காலத்து 'கதைகளும் கனவுகளும்' வரிசை நீர்வண்ணங்கள் இருக்கின்றன. கிழக்குப் பயணங்களின் காலத்து டெம்பராக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தம்பியைத்தான் கேட்க வேண்டும். அச்சில் பார்த்துப் பார்த்து, எல்லாம் வழவழவென்று நிரப்பிய வண்ணம் என்று நினைத்திருந்தேன். கிட்டே போனால் வேறு கதை. அட்டையில் டெம்பரா. நம்ம பள்ளிக்கூடத்து போஸ்டர் கலர் மாதிரி பளபளப்பில்லாத வண்ணம், போட்ட உடனே காய்ந்துவிடும். காய்ந்தபின் ஈரத்தோடு ஈரமாகக் குழைத்து மென்மையாக்க வழியில்லை. வைத்த கோடு வைத்ததுதான். சர்யான் அதை மறைக்கவே இல்லை. பட்டையான தூரிகையால் ஆரஞ்சு ஓர் இழுப்பு, பக்கத்தில் நீலம் ஓர் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் அட்டையின் பழுப்பு அப்படியே வெளியே தெரிகிறது. அந்த வெறும் பழுப்புதான் இரண்டு வண்ணத்தையும் முட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்கிறது. வீட்டு அட்டையில் இந்தப் பழுப்பு இருந்த இடமெல்லாம் அச்சுக்காரர் மை போட்டு மூடியிருக்கிறார். முப்பது வருஷமாக நான் பார்த்தது பாதிப் படம்தான்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன், தலையாட்டினார். சென்னை என்றேன், புரியவில்லை. மெட்ராஸ் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மெட்ராஸ்! அஸ்தரார்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 'அஸ்தரார்' வெளியானது 1794-இல், நம்ம சென்னையில். நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்கிற பாதிரியார். ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் இருக்கிற மாதா கோயில் வளாகத்தில்தான் அவர் கல்லறை. அந்தத் தெருவை நம்ம ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள், அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கோயில் போட்டோ போனில் இருந்தது, காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. அப்புறம் எங்களை விடவே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கூடவே வந்து, தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷிலும் மீதிக்குக் கை ஜாடையிலும் கதை சொன்னார்.

அதில் ஒன்று நெஞ்சில் நிற்கிறது. 1928-இல் சர்யான் பாரிஸில் கண்காட்சி நடத்தினார். முடிந்ததும் படங்களையெல்லாம் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். வழியில் கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகத்தில் கப்பல் தீப்பிடித்துவிட்டது. நாற்பது படம் வரைக்கும் சாம்பல். எந்த ஊர் வெயிலில் நின்று 1910-இல் நிறத்தைக் கண்டுபிடித்தாரோ, அதே ஊர்த் துறைமுகம். கை ஜாடையில் அந்த அம்மா தீயைக் காட்டியபோது தம்பிகூட வாயைத் திறக்கவில்லை.

கான்ஸ்டான்டிநோபிள் என்றதும் இன்னொன்று. அந்த ஊர்த் தெரு நாய்களையும் சர்யான் 1910-இல் வரைந்திருக்கிறார். அதே வருஷம்தான் நகராட்சி ஆயிரக்கணக்கான நாய்களைப் பிடித்துக் கொண்டுபோய்த் தண்ணீர் கூட இல்லாத ஒரு தீவில் விட்டுச் சாகடித்தது. அவருடைய நாய்கள் தெருவோர நிழலில் நிம்மதியாக இருக்கின்றன. இந்தச் சேதி தெரிந்தபின் அந்தப் படத்தை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் பஸ். இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கோர் விராப் மடத்துக்குப் போய் அரராத் மலையைப் பார்க்கிற திட்டம். சர்யான் திரும்பத் திரும்ப வரைந்தது அந்தப் பள்ளத்தாக்கைத்தானே. டூர் வண்டியில் ஆளுக்கு ஏகப்பட்ட துட்டு கேட்டார்கள். முதல் நாள் டாக்சி வயிற்றெரிச்சல் வேறு. சசுன்த்ஸி தாவித் ரயில் நிலையத்துக்கு முன்னால், குதிரை மேல் வாளோடு ஆர்மீனிய வீர காவிய நாயகன் தாவித் பாய்கிற பெரிய சிலை நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து மார்ஷ்ருத்கா போகிறது என்றார்கள். மார்ஷ்ருத்கா என்றால் நம்ம மேக்சி கேப் மாதிரி ஒரு வேன். எட்டரைக்குக் கிளம்பும் என்றது ஒன்பதரை ஆகியும் நகரவில்லை. சீட் நிறைந்தபிறகும் நடுவில் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். ஏ.சி. இல்லை. ஜன்னல் இருக்கிறது, திறக்கவும் முடிகிறது. நான் திறந்தேன். முன் சீட் பாட்டி மூடினார். மறுபடி திறந்தேன். மூடினார். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சளி பிடிக்கும் என்று அங்கே பெரியவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். வெளியே 38 டிகிரி. உள்ளே எவ்வளவு என்று கேட்காதீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அதே பாட்டிதான் கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து ஆப்ரிகாட் பழம் நாலை எடுத்து என் மடியில் போட்டார். நம்ம ஊரில் சர்க்கரைப் பாதாமி என்று காய்ந்ததைத்தான் பார்த்திருக்கிறோம், ஆப்ரிகாட். மரத்திலேயே பழுத்த ஆர்மீனிய ஆப்ரிகாட்டை வாயில் போட்டால் அது வேறு பழம். மாம்பழத்தையும் தேனையும் சேர்த்த மாதிரி. அதன் நிறத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் மஞ்சள், வெயில் பட்ட கன்னம் மட்டும் செம்மஞ்சள். சர்யான் சுவர்களின் நிறம்.

வண்டி மடம் வரைக்கும் போகாது. பெரிய ரோட்டில் பிரிவுப் பாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்து நடை. மணி பன்னிரண்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவில் வெந்துபோன மண் ரோடு. தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தோம். அரராத்? காணவில்லை. 5,137 மீட்டர் மலை, கண் முன்னால் நிற்க வேண்டியது, புழுக்க மூட்டத்தில் அடையாளமே தெரியாமல் கரைந்து கிடந்தது. கோடையில் போனால் விடியற்காலையில் போக வேண்டும், மத்தியானம் போனால் மலை தெரியாது. இதை மறக்காதீர்கள்.

எரிச்சலில் ஒரு வரிசை நெட்டை மரங்களின் நிழலில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு மண் சுவர். உச்சி வெயிலில் அந்தச் சுவர் காவியும் இல்லை, பழுப்பும் இல்லை. எரிகிற ஆரஞ்சு. அதன் அடியில் கையகலத்துக்கு நிழல். அந்த நிழலைப் பார்த்தேன். கறுப்பாக இல்லை. சாம்பலாகவும் இல்லை. நீலம். சந்தேகமாக இருந்தது. பையிலிருந்து வரையும் நோட்டை எடுத்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தேன். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் விழுகிற மாதிரி அந்தச் சுவரடியில் வைத்தேன். வெயில் பாதி லேசாக மஞ்சள் ஏறி நின்றது. நிழல் பாதி, வெள்ளைத் தாள்தான், துணிக்கு நீலம் போட்ட மாதிரி இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "எக்கா, ஆமா" என்றான்.

இதற்குக் காரணம் எளிது. வெயில் நேராக விழாத இடத்துக்கு வெளிச்சம் வருவது வானத்திலிருந்து, வானம் நீலம். பக்கத்தில் ஆரஞ்சு இருந்தால் நம் கண் அந்த நீலத்தை இன்னும் தூக்கிக் காட்டும். மங்கலான ஊரில் இது தெரியாது. உச்சி வெயில் வேண்டும், மேகமில்லாத வானம் வேண்டும், வெளிறிய மண் வேண்டும். சர்யானைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'கற்பனை நிறம்', 'தேவதைக் கதை நிறம்' என்றே சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அவரே கனவுகள் என்று பேர் வைத்து வரைந்தவர்தான். ஆனால் கான்ஸ்டான்டிநோபிள் தெரு, 'தெரு. நண்பகல்', அது கனவு இல்லை. குறுகலான சந்து, இரண்டு பக்கமும் அனலாக நிற்கும் சுவர், தரையெல்லாம் நீல நிழல், மேலே வானம் ஒரு கீற்று, சின்னச் சின்ன ஆட்கள். வெயிலில் நின்று பார்த்தவன் போட்ட நிறம் அது. நடுத்தர வண்ணங்களை எல்லாம் தள்ளிவிட்டு இரண்டே வண்ணத்தை வைத்தார், ஏனென்றால் அந்த நேரத்தில் கண்ணுக்கு இரண்டே வண்ணம்தான் மிஞ்சுகிறது. வகுப்பில் பிள்ளைகள் நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் நான் தடுப்பேன், எங்கள் வாத்தியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

மடம் வரை நடந்தோம். புனித கிரிகோரியை 13 வருஷம் அடைத்து வைத்ததாகச் சொல்லும் பாதாளக் குழிக்குள் இரும்பு ஏணியில் இறங்கலாம். தம்பி இறங்கினான், நான் மாட்டேன் என்றுவிட்டேன். நாலு மணிக்கு மேல் மூட்டம் கொஞ்சம் விலகி, வானத்தின் நடுவில், அடிவாரமே இல்லாமல், வெள்ளைச் சிகரம் மட்டும் தனியாக மிதந்தது. பெரியது மாசிஸ், பக்கத்தில் சின்னது சிஸ். மலை இருப்பது துருக்கியில். எல்லை கண்ணுக்கு எட்டுகிற தூரம், 1993-லிருந்து மூடியே கிடக்கிறது. மலையைத் தங்கள் உயிராக நினைக்கிற ஜனத்துக்கு எல்லை தாண்டி நேராகப் போய் அதைத் தொட வழியில்லை. 1915-இல் அந்தப் பக்கத்தில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பி, இந்தப் பக்கம் எச்மியாட்ஸின் ஊருக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு உதவப் போனவர்களில் சர்யானும் ஒருத்தர். அதைப் பார்த்தவர் அதற்கப்புறமும் இத்தனை வெளிச்சமாக வரைந்திருக்கிறார்.

திரும்பி வர ஒரு குடும்பம் காரில் ஏற்றிக்கொண்டது. காசு வாங்க மாட்டேன் என்றார்கள். டாக்சிக்காரர் பறித்ததும் இவர்கள் ஏற்றிவந்ததும் ஒரே ஊரில்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாடு. நான் சைவம். ஆர்மீனியாவில் கறி சுடுகிற புகைதான் தெருவெல்லாம், பட்டினிதான் என்று பயந்திருந்தேன். சந்துக்குள் ஒரு சின்னக் கடையில் ஜிங்யாலோவ் ஹத்ஸ் என்று எழுதியிருந்தது. ஓர் அம்மா மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் பொடியாக அரிந்த கீரை ஒரு குவியல் வைத்தார். பத்து, பன்னிரண்டு வகைக் கீரை இருக்கும். உப்பு, கொஞ்சம் எண்ணெய். விளிம்பை மேலே இழுத்துத் தையல் போடுகிற மாதிரி கிள்ளிக் கிள்ளி மூடி, தட்டையாக அழுத்தி, கவிழ்த்த கல்லில் போட்டார். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்துக் கையில் கொடுத்தார். கடித்தால் உள்ளே கீரை ஆவியில் வெந்து, புளிப்பும் கார்ப்பும் பச்சை வாசனையுமாக. இது கராபாக் பக்கத்துச் சாப்பாடு. 2023-இல் அஜர்பைஜான் பிடித்ததும் ஆர்மீனியர்கள் விட்டுவிட்டு வந்த மலைநாடு அது. அந்த அம்மாவும் 2023-இல் அங்கிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தான். கூடக் குடிக்க 'தான்', அதாவது உப்புப் போட்ட மோர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்ம வீட்டு மோரேதான், கறிவேப்பிலை மட்டும் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, மோரோடு மொத்தம் 5,000 திராம். நாலு நாளில் மூன்று ராத்திரி அங்கேதான் சாப்பிட்டோம். கார்னி கோயில், கேஸ்கேட் படிக்கட்டு பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், போனோம், நன்றாக இருக்கிறது.

மூன்றாம் நாள் குடியரசுச் சதுக்கத்தில் இருக்கிற தேசிய கேலரி. ஐவசோவ்ஸ்கியின் கடல் அலைகளுக்கு முன்னால்தான் கூட்டம். அவரும் ஆர்மீனியர்தான், அலை அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சர்யான் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போகிறார்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. இங்கேதான் 'ஆர்மீனியா', 1923. 1921-இல் யெரெவானில் குடியேறிய இரண்டே வருஷத்தில் வரைந்தது. மலை மேல் மலை, தட்டைக் கூரைகள், கூரை மேல் ஆடுகிற பெண்கள், மேலே பனிச் சிகரம். எந்த ஓர் இடத்தில் நின்றாலும் இவ்வளவும் ஒன்றாகத் தெரியாது. நாடு முழுவதையும் கூட்டி ஒரு சட்டத்துக்குள் உட்கார வைத்திருக்கிறார்.

அதற்கு முன்னால் நிற்கும்போது எனக்கு எகிப்துதான் ஞாபகம் வந்தது. மண்ணுக்கு அந்த ஆரஞ்சு, நிழலுக்கு அந்த நீலம், மரங்களில் அதே வெடிப்பு. பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் முன்னால் வேற்று ஊர்த் தெருவில் நின்று கற்றுக்கொண்டதை எடுத்து வந்து சொந்த மண்ணில் போட்டிருக்கிறார். அதே 1923-இல் கவிஞர் சாரெண்ட்ஸை வரைந்த படத்தில், முகத்துக்குப் பக்கத்தில் ஓர் எகிப்திய முகமூடியை வைத்தார். நைல் கரை அவரை விடவே இல்லை. கிழக்கைத் தேடிப்போன ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அந்தப்புரமும் பாம்பாட்டியும் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சர்யான் வரைந்தது கழுதையும் நாயும் தண்ணீர்க் குடமும் வெயிலும். நம்மவர் ஒருத்தர் பார்த்த மாதிரி இருக்கிறது. தேரிக்காட்டுப் பிள்ளைக்கு அது தன் ஊராகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. ஆபரா அரங்கத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் சர்யான் சிலை இருக்கிறது, அதைச் சுற்றி வாரக்கடைசியில் ஓவியர்கள் படங்களை விரித்து வைத்து விற்கிறார்கள். நூறு அரராத்தாவது பார்த்திருப்பேன், முக்கால்வாசி ஒரே அச்சு. ஒரு பெரியவர் மட்டும் அட்டையில் ஒரு மண் சுவரும் நிழலும் வரைந்திருந்தார். 15,000 திராம். பேரம் பேசி 11,000-க்குக் கேட்டேன், அவர் 12,000-க்குக் கீழே வரவில்லை. டாக்சிக்காரர் கேட்ட அதே தொகை. கொடுத்துவிட்டேன், இந்த முறை ஒரு வருத்தமும் இல்லை. அருங்காட்சியகத்துக்கு மறுபடி ஒரு நடை போய் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். சர்யான் கடைசி காலத்தில் வரைந்த மலைகளைக் காட்டினார். ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தவை. 91 வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே பேனா, நீலமும் ஆரஞ்சும். போனில் படம் எடுக்க விட்டார்கள், ஜூலையில் ஏழாம் வகுப்புக்குக் காட்டப்போகிறேன்.

திரும்பும்போது டாக்சி இல்லை. 201-ஆம் எண் பஸ், விமான நிலையம் வரைக்கும் ஆளுக்கு 300 திராம். அறுபத்தைந்து ரூபாய். சாயங்காலம் ஆறரை மணி, கூட்டம் இல்லை, இடது பக்கம் ஜன்னல் சீட். படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் மலை முழுசாக வந்து நின்றது, நாலு நாளில் முதல் தடவையாக அடிவாரத்தோடு. ஜன்னலைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூடவில்லை.